வேலியில் வெட்டிய கடை

1

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று ஆண், இரண்டு பெண். ஒருவரையும் பிறர் வீட்டு வாசலில் பசியோடு நிற்க விடவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம்.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஓதப் போன இடத்தில் அரபு எழுத்துப் படித்தேன். தமிழ் எழுத்தை என் பிள்ளைகள் மண்ணில் எழுதிப் பழகியபோது பக்கத்தில் இருந்து நானும் பழகினேன். அதனால் மெல்லத்தான் எழுதுவேன். பேத்தி றிஸ்னா லண்டனில் பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனதால் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், பாதிச் சொல்லுக்குப் பொருள் கேட்பாள். மகளிடம் இதை இப்போது காட்ட முடியாது, ஆகவே பிழை திருத்த இந்த வீட்டில் ஆள் இல்லை. நீங்களே திருத்திப் படியுங்கள்.

ஊரிலிருந்து, உங்கள் சஞ்சிகைக்கு வெளிநாட்டுச் சீவியத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். குளிரைப் பற்றியும், பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதைப் பற்றியும் எழுத நினைத்திருந்தேன். போன புதன்கிழமை இந்த வீட்டுக்கு ஒரு பெண் அதிகாரி வந்து போனாள். அதன் பிறகு குளிரைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

2

இது என் இளைய மகள் றாலியாவின் வீடு. மேலே இரண்டு அறை, கீழே குசினியும் இருக்கும் அறையும். என் அறை மேலே, றோட்டுப் பக்கம். காலையில் தொழுதுவிட்டு ஓதுவேன். பிறகு எல்லாரும் வேலைக்குப் போவதை யன்னலால் பார்ப்பேன். பின்னேரம் எல்லாரும் வருவதைப் பார்ப்பேன். இடையில் றோட்டில் ஒன்றும் நடப்பதில்லை.

எனக்கு மாரிகாலத்தில் இருமல் வரும். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எனக்கு இங்கிலீசில் இரண்டு சொல் தெரியும், யெஸ், நோ. டாக்டர் ஏதோ கேட்டார். முகம் நல்ல முகமாக இருந்தபடியால் யெஸ் என்றேன். றிஸ்னா சிரித்து விழுந்தாள். சிகரெட் குடிப்பதுண்டா என்று கேட்டிருக்கிறார். பிறகு நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, ஒட்டுகிற நோய் ஒன்றும் இல்லை, வயதுக்கு வந்த இருமல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த மாரியில் றிஸ்னாவுக்கு வேலை போய்விட்டது. அவளுடைய கந்தோரில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். சில கிழமைகள் போர்வையை விட்டு எழும்பாமல் கிடந்தாள். பிறகு ஒரு நாள் வந்து, உம்மம்மா, வட்டிலப்பம் செய்து விற்கப் போகிறேன் என்றாள். நான் சிரிக்கவில்லை. முதலில் படம் எடுத்துப் போனில் போட்டாளாம். தெரிந்தவர்கள் எல்லாரும் நல்லது, நல்லது, நாங்கள் வாங்குவோம் என்று எழுதினார்களாம்.

"அது ஒண்டுமில்ல உம்மம்மா. கூட்டாளிமார் எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. அறியாத ஆக்கள் நாலு பேர் முன்கூட்டிக் காசு தந்தாத்தான் அடுப்ப மூட்டுவன்" என்றாள்.

நான் அவளை நன்றாகப் பார்த்தேன். நான் பட்டுப் படித்ததை இவள் போர்வைக்குள் கிடந்தே படித்துவிட்டாள்.

அறியாத ஆட்கள் காசு தந்தார்கள். ஆனால் இந்த நாட்டில் வீட்டில் சமைத்து விற்பதென்றால் எழுதிக் கொடுத்துப் பதிய வேண்டும், ஆள் வந்து குசினியைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் புதன்கிழமை அந்தப் பெண் வந்தாள். அன்று காலை றாலியா எனக்குத் தேத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு மேலே வந்தாள்.

"உம்மா, அந்தப் பொம்புள போற மட்டும் இதுக்குள்ளயே இரிங்களன். கீழ வர வேணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. இருமலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அதிகாரி வந்ததும் துவாயை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். கீழே குளிர்ப்பெட்டி திறந்து மூடுகிற சத்தம், அலுமாரி திறக்கிற சத்தம், பேச்சு. நடுவில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். றாலியா, "நோ" என்றாள்.

எனக்குத் தெரிந்த சொல். பிறகு றிஸ்னாவைக் கேட்டேன். வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டாளாம். "நான் வாயத் தொறக்க முந்தி உம்மா சொல்லிட்டா" என்றாள். பொய் இல்லை. எனக்கு நோய் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் வாயில் துணியோடு மேலே இருந்தவளுக்கு, இந்த வீட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொன்னது போலத்தான் கேட்டது.

அதிகாரி, குசினி சரி என்றுவிட்டுப் போய்விட்டாள். அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் றாலியா, என் முகத்தைப் பார்க்காமல், கறியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பர்மிங்ஹாமுல காக்காட வீட்டுல கொஞ்சக் காலம் போய் இரிங்களன் உம்மா. அங்க சூடு நல்லம்."

எவ்வளவு காலம் என்று கேட்டேன். இந்த வியாபாரம் ஒரு நிலைக்கு வரும் வரைக்கும் என்றாள். சனங்கள் வந்து வாங்கிப் போகிற இடமாம், எந்த நேரமும் இருமல் கேட்டால் என்ன நினைப்பார்களாம்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாய் மகனுடைய வீட்டில் போய்க் குந்துவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வீடு பெண்ணுக்குத்தான். மகனுடைய வீடென்பது அவன் மனைவியின் வீடு.

3

இனி எழுதுவது ஐம்பதுகளில் நடந்தது. எங்கள் வீடு கல்முனையில், பெரிய றோட்டுக்குப் பக்கத்தில். என் உம்மா எனக்குத் தந்த வீடு. மண்சுவர், கிடுகுக் கூரை, நான்கு பக்கமும் கிடுகு வேலி. என் புருசன் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து இருந்தவர். வண்டில் மாடு வைத்திருந்தார். சவளக்கடைப் பக்கத்து வயல்களில் இருந்து நெல்லேற்றி வருவார். நெஞ்சுக்குள் நோய் விழுந்தது. காசநோய் என்றார்கள். மருந்துக்கு முதலில் மாடு போனது, பிறகு வண்டில் போனது. அவர் றோட்டுப் பக்கத்து அறையில் பாயோடு ஆனார். மூத்த மகனுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை. றாலியா என் மடியில் பால் குடிக்கிற பிள்ளை.

வெளியே போய் வேலை செய்ய எங்கள் பெண்களுக்கு அந்தக் காலத்தில் வழி இல்லை. எனக்கு இடியப்பம் நன்றாக வரும். விற்றுப் பார்ப்போம் என்று நினைத்தேன். இடியப்ப உரல் இரவல். ஒரு கொத்து அரிசிமா. நாசமாய்ப் போனாலும் ஒரு கொத்தோடு போகட்டும்.

வாங்குவார்களா என்று அறிய, முதல் நாள் அவித்ததை நான்கு பீங்கானில் வைத்து, சம்பலும் போட்டு, பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினேன். எல்லாம் எங்கள் குடியைச் சேர்ந்த சொந்தக்காரர். அடுத்த வளவு அவ்வா உம்மா வேலியால் எட்டிப் பார்த்து, "என்னகா இது, பஞ்சு மாதிரி இரிக்கி. றோட்டால போறவன் நாக்கத் தொங்கப் போடுவான்" என்றாள். பீங்கான் நான்கும் திரும்பி வந்தன. ஒன்றில் முட்டை, ஒன்றில் சீனி, ஒன்றில் கத்தரிக்காய், அவ்வா உம்மாவின் பீங்கானில் அரிசி.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. போன மாவைவிடப் பெறுமதி கூடவாக வந்திருக்கிறது. அடுத்த நாளும் அனுப்பினேன். திரும்பவும் வந்தது. ஒரு கிழமை இப்படியே ஓடியது. கடை நடக்கிறது என்று பாயில் கிடந்த என் புருசனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு அவ்வா உம்மாவிடம், இனி இதற்கு இன்ன விலை என்று சொன்னேன். அவளுடைய முகம் அப்படியே நின்றது.

"எனக்கிட்டயா புள்ள விலை சொல்ற? நாளைக்கு ஒண்ட மையத்தக் கழுவ நான் தண்ணி அள்ளினாலும் விலை கேப்பியா?"

நான்கு வீடும் நின்றுபோனது. விலை கூடிப் போய் அல்ல. அவர்கள் முதலிலிருந்தே விலைக்கு வாங்கவில்லை, அதுதான் காரணம். பீங்கான் வந்தால் வெறும் பீங்கானாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். நாம் எல்லாரும் செய்வதுதானே. நானே பிறந்ததிலிருந்து அப்படிச் செய்தவள்தான். அடுப்புக்கு முன்னால் இருந்தபோது அது எனக்கு மறந்துபோனது. மரியாதையை வியாபாரம் என்று எண்ணிவிட்டேன். வியாபாரமும் இல்லை, மரியாதையும் போய்விட்டது.

4

அன்றுதான் என் புருசன் வாய் திறந்தார்.

"அறிஞ்சவனுக்கு விக்க ஏலா. அறியாதவனுக்கு வித்துப் பாரு."

எப்படி என்று கேட்டேன். நான் றோட்டுக்கு வந்து நிற்க முடியுமா? அவர் கத்தியைக் கேட்டார். சுவரைப் பிடித்து எழும்பி, றோட்டுப் பக்கத்து வேலியடியில் குந்தி, ஒரு பீங்கானைக் கிடுகில் வைத்து அளந்து, அதைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டினார். ஒரு கையும் ஒரு பீங்கானும் போகிற அளவுதான். கீழே ஒரு பலகைத் துண்டைக் கட்டினார். அதுதான் என் கடை. கத்தியைத் திருப்பித் தரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

அந்த இடத்தைத் தவிர வேறு இடம் இல்லை. மற்ற மூன்று பக்கமும் சொந்தக்காரர். வேலியில் வெட்டிய அந்தப் பொட்டுக்கு நேரே பின்னால்தான் அவர் படுத்த அறையின் யன்னல்.

விடியும் முன் வெள்ளாப்பில் நெல்லேற்றப் போகிற வண்டில்கள் மேற்கே போகும். முதல் நின்றது பாண்டிருப்பு வண்டில்காரர் கணபதி. அவர் பெயர் பிறகுதான் தெரியும். அன்று நான் கண்டது நகம் வெடித்த ஒரு பெருவிரல்.

"உள்ளுக்கு ஆரு? இது கடையா, வீடா?"

"ரெண்டும்தான்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப கடைக்காரிக்குச் சொல்லு, வீட்டுக்காரிய எழுப்பி இடியப்பம் தரச் சொல்லி" என்றார். உள்ளே என் புருசன் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்த வருசத்தில் அவர் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

ஒரு கொத்து முடிந்தது. அடுத்த நாளும் ஒரு கொத்துத்தான் அவித்தேன். மிஞ்சினால் பிள்ளைகளுக்கு, மிஞ்சாவிட்டால் நாளைக்கு ஒன்றரை என்று வைத்துக்கொண்டேன். சொதி வைத்துப் பார்த்தேன், ஓடுகிற வண்டிலில் சொதி சிந்துகிறது என்றார்கள், விட்டேன். பச்சையரிசி மா ஆறினால் இறுகுகிறது என்றார்கள். சிவப்பரிசிக்கு மாறினேன். சம்பலை இறுக்கி அரைத்து இலையில் பொதி கட்டினேன். கணபதியண்ணன், "உறைப்பு இன்னுங் கொஞ்சம் போடு தங்கச்சி. மாடே கண்ண முழிக்கணும்" என்பார். சாய்ந்தமருதிலிருந்தும் வண்டில்கள் நின்றன. பிள்ளைகளின் கன்னம் கொஞ்சம் நிரம்பியது. என் முகத்தை ஒருவரும் கண்டதில்லை. என் கையை எல்லாருக்கும் தெரியும்.

5

இருமலைப் பிடித்து வைக்க மனிதனால் ஏலாது. என் புருசன் பிடித்துப் பார்த்தார். வண்டில் சத்தம் கேட்டதும் சாரத்தைச் சுருட்டி வாயில் அடைப்பார். கண் சிவந்து, கழுத்து நரம்பு எழும்பி நிற்கும். வண்டில் போன பிறகுதான் எடுப்பார். அப்போது வருகிற இருமலைக் கேட்டால் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள்.

ஒரு நாள் முந்திவிட்டது. வெளியே நான்கைந்து பேர் நின்றார்கள். நீட்டிய கை ஒன்று மெல்லப் பின்னால் போனது. அடுத்த நாள் வண்டில்கள் மெதுவாகின, நிற்கவில்லை. அவித்ததைப் பிள்ளைகள் இரண்டு நேரம் தின்றார்கள். அதற்கடுத்த நாள் அடுப்பு மூட்ட மா இல்லை.

கணபதியண்ணன் மட்டும் வண்டிலை நிறுத்தினார். பொட்டுக்குள் கை வரவில்லை.

"கோவிச்சுக்காத தங்கச்சி. எனக்கும் வீட்டுல புள்ள குட்டி இரிக்கி."

யன்னலுக்குள்ளிருந்து என் புருசன்தான் பேசினார். "அண்ணே, சவளக்கடைக்கா போறீங்க? என்னையும் ஏத்திட்டுப் போங்க. வயலுக்குள்ள போடியார்ட வாடி சும்மாதான் கிடக்கு. காவலுக்கு நான் இரிக்கன்."

வெளியே வண்டிலில் சாக்கை இழுத்துப் போடுகிற சத்தம். பிறகு, "ஏறுங்க" என்று கேட்டது. இடியப்பத்துக்குப் பயந்த மனிதர் நோயாளிக்குப் பயப்படவில்லை.

நான் வாசலை மறித்து நின்றேன். வயலுக்குள் ஒரு குடிலில் தனியே கிடந்து சாவதற்கா போகிறீர்கள் என்று கேட்டேன். உங்களை விற்று என் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாம் என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன், றோட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது ஒண்ட வீடு புள்ள. நான் வந்து இருந்தவன்தானே. வந்தவன் போறதுல என்ன புதினம்?"

என்னைத் தள்ளவில்லை. நான் விலகும் மட்டும் நின்றார். நிற்க ஏலாமல் கால் நடுங்கியது. அந்தக் கால் நடுங்கியதைப் பார்த்துத்தான் நான் விலகினேன்.

6

யன்னலையும் அறையையும் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவினேன். ஒரு கிழமைக்குள் வண்டில்கள் திரும்பவும் நின்றன. சனங்கள் மறதிக்காரர் என்பது வியாபாரிக்கு நல்லது.

கணபதியண்ணன் மேற்கே போகிற நாளெல்லாம் மூடி போட்ட தூக்குச்சட்டியில் சாப்பாடு கொடுத்தனுப்புவேன். இரண்டு சட்டி வைத்திருந்தேன். ஒன்று போகும்போது மற்றது திரும்பி வரும். முதல் தரம் வந்த சட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு விளாம்பழம்.

மனைவியிடமிருந்து வந்த சட்டியையும் அவர் வெறுமையாகத் திருப்பவில்லை. பிறகு தாமரைக் கொட்டை வந்தது. ஒருநாள் வரால் கருவாடு. ஒருநாள் ஈர இலையில் சுற்றிப் பொன்னாங்கண்ணி. பிள்ளைகள் சட்டிக்காகக் காத்திருப்பார்கள், வாப்பா என்ன அனுப்பியிருக்கிறார் என்று. அவர் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று நான் சட்டியைப் பார்த்துக் கணித்துக்கொள்வேன். விளாமரம் வாடியிலிருந்து தூரம். குளம் அதைவிடக் கிட்ட. பொன்னாங்கண்ணி வரம்பிலேயே முளைக்கும். பிறகு நாவற்பழம் நாலைந்து, மண் ஒட்டியபடி. நிழலில் விழுந்ததைப் பொறுக்கியது. பிறகு ஒரே ஒரு நெற்கதிர், வாடி வாசலில் இருந்தபடி கை நீட்டி முறித்தது.

நான் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கணபதியண்ணன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், "பால் குடிக்கிற புள்ளயக் கொண்டு வரக் கூடாதாம். கடையப் பூட்டக் கூடாதாம். சட்டி வருது தானே, அது போதுமாம்."

வேளாண்மை வெட்டுக்குக் கிட்டிய ஒரு காலை. மேற்கே போக வேண்டிய வண்டில் மேற்கிலிருந்து வந்து நின்றது. கணபதியண்ணன் பொட்டுக்குள் சட்டியை வைத்தார். சட்டி இலேசாக இருந்தது. மூடியைத் திறந்தேன். கழுவித் துடைத்து, ஒன்றும் இல்லை.

அவருடைய கை பொட்டை விட்டுப் போகவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "தங்கச்சி, பள்ளிவாசலுக்கு ஆளனுப்பு" என்றார். "வண்டிலதான் இரிக்கார்."

அதை அவர் சொல்ல முந்தியே எனக்குத் தெரியும்.

7

புருசன் மவுத்தான பின் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிற காலத்தில் என் கையையும் அந்நியர் காணக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடை அதோடு போய்விட்டது என்றுதான் எண்ணினேன். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த காலையில் குசினிக்குள் உரல் நெரிகிற சத்தம் கேட்டது. அவ்வா உம்மா. அவித்து, பொதி கட்டி, பொட்டடியில் போய் இருந்தாள். இத்தா முடியும் மட்டும் அந்தப் பொட்டுக்குள் கண்ணாடிக் காப்புப் போட்ட கைதான் போய் வந்தது. கணபதியண்ணன் ஏன் என்று கேட்கவில்லையாம். உறைப்புப் போதாது என்று மட்டும் சொன்னாராம்.

இத்தா முடிந்த அன்று ஒரு பீங்கானில் இடியப்பம் வைத்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு முட்டையோடு திரும்பி வந்தது. அந்தக் கடையால்தான் ஐந்து பேரும் வளர்ந்தார்கள்.

றாலியாவுக்கு வாப்பாவின் முகம் தெரியாது. வயல் காவலுக்குப் போன இடத்தில் மவுத்தானார் என்று சொல்லி வளர்த்தேன். பொய் இல்லை. புதன்கிழமை அவள் "நோ" என்றதும் பொய் இல்லை.

என் பெட்டியை அவள் நேற்று எடுத்துத் தூசி தட்டி, என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இது அவளுடைய வீடு. நான் வந்து இருக்கிறவள். எனக்குத் தெரியும். ஆனால் நான் பர்மிங்ஹாம் போகப் போவதில்லை. மாடியில் துணியை வாயில் வைத்துக்கொண்டு இருக்கப் போவதும் இல்லை. இந்தக் குடும்பத்தில் வியாபாரம் நடப்பதற்காக ஒரு ஆள் போனது போதும்.

இதை என் வாயால் றாலியாவிடம் சொன்னால் சண்டையாகும், அல்லது அவள் அழுவாள். இரண்டும் எனக்கு வேண்டாம். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். றிஸ்னா, ஊருக்கு அனுப்புவதற்கு முன் இதை எனக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டு மனே. இங்கே மேலே வைத்து வேண்டாம். கீழே குசினியில், உன் உம்மா சமைக்கிற நேரத்தில், சத்தமாக வாசி. தெரியாத சொல்லுக்குப் பொருள் பிறகு கேள். இடையில் நான் இருமினால் நிறுத்தாதே.